மேகமலையில் எது நூறு?

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மேகமலை மணலாறு அணைக் கரையில் எடுத்தவை என்று எழுதியிருந்தாய். முதல் படத்தில் டி.ஓ. மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் காட்டும் கருவி, 20 டிகிரி, 84 சதவீதம், லிட்டருக்கு 7.6 மில்லிகிராம் என்று காட்டுகிறது. உங்கள் குழுவில் ஒருவர், “இவ்வளவு சுத்தமான தண்ணியில 84-ஆ? மீட்டர் போச்சு” என்று அங்கேயே கேலிபரேஷன் பொத்தானை அமுக்கியிருக்கிறார். அடுத்த படத்தில் 100 சதவீதம், 9.1 மில்லிகிராம். எல்லாருக்கும் திருப்தி, உன்னைத் தவிர. காலையில் தேனியில் பார்த்துப் பார்த்து அளவு திருத்திய மீட்டர் மலை ஏறுவதற்குள் கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறாய்.

கெடவில்லை தாயி. முதல் படம்தான் சரி. தப்பு, அந்தப் பொத்தானை அமுக்கிய பிறகுதான் வந்தது. ஏன் என்று புரிய வேண்டுமானால், அந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அது மில்லிகிராமை அளப்பதே இல்லை. 1950களில் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் என்பவர் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அறிவதற்காக இந்த வகை மின்முனையை உருவாக்கினார். உன் கையில் இருப்பதும் அந்த வம்சம்தான். உள்ளே தங்கமோ பிளாட்டினமோ ஒரு முனை, வெள்ளி ஒரு முனை, நடுவே பொட்டாசியம் குளோரைடு கரைசல். எல்லாவற்றையும் மூடி ஒரு மெல்லிய சவ்வு. தண்ணீர் சவ்வைத் தாண்டாது, ஆக்சிஜன் தாண்டும். வெளியே ஆக்சிஜனின் அழுத்தம் எவ்வளவோ அந்த அளவுக்கு உள்ளே புகும். புகுந்தது மின்முனையில் தீரும்போது ஒரு சிறு மின்னோட்டம் பிறக்கும். கருவிக்குத் தெரிந்தது அந்த மின்னோட்டம் ஒன்றுதான். இப்போது வருகிற ஒளிவழி சென்சார்களில் மின்னோட்டத்துக்குப் பதில் ஒளி. நீல ஒளி பட்டதும் ஒரு சாயம் சிவப்பாக ஒளிர்கிறது, ஆக்சிஜன் அந்த ஒளிர்வை அணைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள். அதுவும் உணர்வது ஆக்சிஜனின் அழுத்தத்தையே.

அழுத்தத்தை மில்லிகிராமாக மாற்றுவது கணக்கு. அதற்குக் கருவி பக்கத்திலுள்ள வெப்ப உணரியைக் கேட்கும். இத்தனை டிகிரித் தண்ணீரில் இத்தனை அழுத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் கரையும் என்று ஓர் அட்டவணை அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. கடல் மட்டத்தில், 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில், நல்ல தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.09 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 25 டிகிரியில் 8.26. 28 டிகிரியில் 7.83. 30 டிகிரியில் 7.56. இந்த எண்களை நோட்டின் அட்டை உட்புறம் எழுதி வைத்துக்கொள்.

அப்படியானால் கேலிபரேஷன் எதற்கு? சவ்வு தளரும், கரைசல் வற்றும், வெள்ளி கறுக்கும். நேற்று தந்த மின்னோட்டத்தை அதே ஆக்சிஜனுக்கு இன்று தராது. எனவே ஆக்சிஜனின் அழுத்தம் நமக்கு உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் அதை வைத்து, ‘இப்போது நீ உணர்வது இவ்வளவு’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்த இடம் காற்றுதான். காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். அந்தப் பங்கு தேனி பஸ் ஸ்டாண்டிலும் அதுதான், மேகமலைத் தேயிலைக்காட்டிலும் அதுதான். மாறுவது காற்றின் மொத்த அழுத்தம். அதைச் சரியாகச் சொல்லாவிட்டால் நாம் கொடுக்கிற பாடமே தப்பு.

உன் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தேனி கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். சின்னமனூரில் திரும்பித் தென்பழனி தாண்டி மலை ஏறினால் சுமார் 1500 மீட்டர். தேனியில் காற்றழுத்தம் 733 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், மேகமலையில் 637-ஐ ஒட்டி. கடலோர ஊரில் கருவியில் ஏற்கெனவே இருக்கும் 760-ஐ மாற்றாமல் விட்டாலும் பெரிதாக எதுவும் போகாது. இங்கே போகும். உன் நண்பர் செய்தது அதுதான். அழுத்தம் கேட்ட இடத்தில் 760-ஐ அப்படியே விட்டு ஓகே கொடுத்திருக்கிறார். 637-ல் நிற்கிற சென்சாரிடம் ‘நீ கடற்கரையில் நிற்கிறாய்’ என்று சொன்னால் அது என்ன செய்யும்? உணர்வதையெல்லாம் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும். 7.6 எழும்பி 9.1 ஆயிற்று. கடல் மட்ட அட்டவணையில் 20 டிகிரிக்கு என்ன எண் என்று மேலே பார். 9.09. அட்டவணையில் இருந்த எண்தான் உனக்கே திரும்பி வந்திருக்கிறது.

சரி, 84 சதவீதம் எப்படி வந்தது? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மீட்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீ நிற்கிற ஊரின் காற்றையே நூறு என்று வைத்துக்கொள்ளும். இன்னொன்று கடல் மட்டக் காற்றை நூறு என்று வைத்துக்கொள்ளும். உன்னுடையது இரண்டாவது. காலையில் தேனியில் 733 கொடுத்து முடித்ததும் திரையில் 96.4 என்று நின்றிருக்க வேண்டும். 733-ஐ 760-ஆல் வகுத்துப் பார், அதுவேதான். அது குறை இல்லை, சரியான எண். அதே கணக்கில் மேகமலையில் தெவிட்டிய தண்ணீர் 84-ஐ ஒட்டித்தான் காட்டும். மணலாற்றுத் தண்ணீர் அந்த உயரத்தில் ஏற்கக்கூடிய அளவுக்கு ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு நிறைந்துதான் இருந்தது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தது நாம்தான்.

இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. தேனியில் சரியாகத் திருத்திய மீட்டரை மலைக்குக் கொண்டுபோனால் மில்லிகிராம் எண் தானாகவே சரியாக இருக்கும். சென்சார் உணர்வதே அழுத்தத்தை என்பதால், உயரத்தால் குறைந்த அழுத்தத்தையும் அது உணர்ந்துவிடுகிறது. ஒரே நாளில் ஏறி இறங்குகிற பயணத்தில் மேலே போய்த் திரும்பத் திருத்த வேண்டிய கட்டாயம் இல்லை. திருத்தினாலும் அந்த இடத்து அழுத்தத்தைக் கொடுத்துத் திருத்து. உன் நண்பர் 637 என்று கொடுத்திருந்தால் மறுபடியும் அதே 84-ம் 7.6-ம்தான் வந்திருக்கும்.

மலைத் தண்ணீர் குளிர்ந்தது, அதனால் ஆக்சிஜன் அதிகம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததை வைத்துத்தான் 9.1 சரி என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கும். குளிர்ச்சி கூட்டுவது உண்மை, உயரம் குறைப்பதும் உண்மை. வீரபாண்டியில் முல்லையாறு 28 டிகிரியில் தெவிட்டி ஓடினால் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம். மணலாற்றில் 20 டிகிரியில் 7.6. எட்டு டிகிரிக் குளிர்ச்சி தந்ததை ஆயிரத்து இருநூறு மீட்டர் ஏற்றம் ஏறக்குறைய முழுசாகவே வாங்கிக்கொண்டுவிட்டது! இந்தப் பள்ளத்தாக்கின் கணக்கு அப்படி அமைந்திருப்பது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

அன்று பிற்பகல் எடுத்த எண்களைக் கிழித்துப் போடாதே. பொத்தானை அமுக்கியதிலிருந்து அடுத்த திருத்தம் வரைக்கும் எல்லாமே ஒரே விகிதத்தில்தான் கூடியிருக்கும். 637-ஐ 760-ஆல் வகுத்தால் 0.84. ஒவ்வொரு எண்ணையும் அதால் பெருக்கு. இறங்கி வந்து சின்னமனூரில் 8.2 என்று எழுதியிருந்தால் அது 6.9. பழைய எண்ணை அடிக்காமல் பக்கத்தில் திருத்தியதை எழுதி, காரணத்தையும் ஒரு வரி எழுதிவிடு.

அழுத்தத்தை எங்கே பார்ப்பது? செல்போனில் வானிலை ஆப் காட்டுகிற எண்ணை அப்படியே எடுக்காதே. ஊருக்கு ஊர் ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று அதைக் கடல் மட்டத்துக்கு மாற்றித்தான் தருவார்கள். தேனிக்கும் 1010 ஹெக்டோபாஸ்கல் என்று போடும், மேகமலைக்கும் அதையேதான் போடும். அதை மில்லிமீட்டராக்க 0.75-ஆல் பெருக்கு, 757.5 வரும். பிறகு 100 மீட்டர் உயரத்துக்கு 8 மில்லிமீட்டர் வீதம் கழி. தேனிக்கு 24 போக 733 சொச்சம், மேகமலைக்கு 120 போக 637 சொச்சம். இந்த வேலைக்கு அவ்வளவு துல்லியம் போதும். சில போன்களுக்குள்ளேயே அழுத்த உணரி இருக்கும், அது காட்டுவது நிற்கிற இடத்தின் உண்மை அழுத்தம். நம் பக்கத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணி வாக்கில் ஏறி மாலை நாலு மணி வாக்கில் இறங்கும். நாலு ஹெக்டோபாஸ்கலுக்குள் அடங்கிவிடும், அதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

இனி கைவேலை. கேலிபரேஷன் மூடிக்குள் இருக்கிற ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்துவிடு. ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. சவ்வின் மேல் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் அந்தச் சொட்டு வழியாகத்தான் ஆக்சிஜன் வரும், எண் குறைந்து காட்டும். டிஷ்யூ காகிதத்தின் முனையால் சொட்டை ஒற்றி எடு, தேய்க்காதே. வெப்ப உணரியும் உலர்ந்திருக்கட்டும். மூடியை இறுக்கித் திருகாமல் தளர விடு, உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே அழுத்தமாக இருக்க வேண்டுமே. மீட்டரை ஆன் செய்து பதினைந்து நிமிடம் நிழலில் வைத்துவிட்டு வேறு வேலை பார். வெப்பநிலையும் எண்ணும் இரண்டும் அசையாமல் நின்ற பிறகுதான் பொத்தான்.

நிழல் என்று சொன்னதைச் சும்மா விட்டுவிடாதே. வெயிலில் நிற்கிற பைக் டேங்கின் மேல் புரோபை வைத்துத் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடிக்குள் ஒரு சூடு, உணரியில் ஒரு சூடு. ஒரு டிகிரி பிசகினால் எண்ணில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் பிசகும். ஆனி, ஆடியில் நம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று இன்னொரு தொல்லை. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, மூடிக்குள்ளே புகுந்து ஸ்பாஞ்சைக் காய வைக்கும், ஈரம் பட்ட வெப்ப உணரியைக் குளிர வைக்கும். ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து திருத்து.

சவ்வு உள்ள மீட்டரானால் இன்னொரு குணமும் அதற்கு உண்டு. அளக்கிற ஆக்சிஜனை அதுவே தின்றுவிடும். ஓடுகிற ஆற்றில் அது தெரியாது. வைகை அணை மாதிரி நிற்கிற தண்ணீரில் புரோபை இறக்கிவிட்டுச் சும்மா நின்றால், சவ்வுக்கு முன்னால் உள்ள தண்ணீரில் ஆக்சிஜன் வறண்டு எண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். கேபிளை ஒரு சாண் அளவுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டே இரு. ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறதே, அதற்கும் திருத்தம் வேண்டாமா என்று நீ கேட்பாய். வேண்டாம். மேலே நிற்கிற தண்ணீரின் பாரம், கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தத்தைக் கண்டுகொள்ளும்படி மாற்றாது. கோடையில் அடியில் எண் சரிந்தால் அது மீட்டரின் கோளாறு இல்லை. மேலே சூடான தண்ணீர் மூடியாக நின்றுவிட, அடித்தண்ணீருக்குக் காற்று கிடைக்காமல், கீழே மக்குகிற சேறு இருந்ததையும் தின்றுவிடும்.

அந்த மாதிரி அடித்தண்ணீரையோ சாக்கடை கலக்கிற இடத்தையோ அளக்கப் போகிறாய் என்றால் பூஜ்யத்தையும் சரிபார்க்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட்டைக் கரைத்து, கோபால்ட் குளோரைடு துளி அளவுக்குச் சேர்த்தால், தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் எல்லாம் தீர்ந்துவிடும். சென்சாரை அதில் விட்டுச் சில நிமிடம் பார். 0.1, 0.2-க்குக் கீழே வந்து நின்றால் சரி. அரை மில்லிகிராமில் தொங்கிக்கொண்டிருந்தால் சவ்வையும் கரைசலையும் மாற்று. பெரும்பாலும் சவ்வுக்கு அடியில் ஒரு குமிழியோ ஒரு சுருக்கமோ இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். பிறகு புரோபை நன்றாக அலசு, ஒட்டிய சல்ஃபைட் அடுத்த தண்ணீரின் ஆக்சிஜனையும் தின்னும். கோபால்ட் நஞ்சு, அந்தக் கரைசலை ஆற்றில் ஊற்றாதே, கழிவுப் புட்டியில் சேர்த்துக் கல்லூரிக்கே கொண்டுபோ.

இவ்வளவு பாடு எதற்கு என்று உன் குழுவினர் கேட்பார்கள். சில இடத்தில் தேவையே இல்லை. விடியற்காலையில் குளத்தில் மீன் வாயைப் பிளந்து மேலே வருகிறதா என்று கவலைப்படுகிற பண்ணைக்காரருக்கு, இருப்பது இரண்டா ஐந்தா என்று தெரிந்தால் போதும். ஆற்றுக்கு அப்படி இல்லை. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தகுந்த ‘ஏ’ பிரிவு நீருக்குக் குறைந்தது 6 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். குளிக்கிற ‘பி’ பிரிவுக்கு 5. மீன்வளத்துக்கு 4. தேனியில் 733-க்குப் பதில் 760 என்று விட்டால் எண் கிட்டத்தட்ட நாலு சதவீதம் கூடும். 5.8 உள்ள தண்ணீர் 6.0 என்று காட்டித் தேறிவிடும்.

தண்ணீரிலுள்ள அழுக்கை மக்க வைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கின்றன என்று பார்க்கிற பி.ஓ.டி. சோதனையில் இது இன்னும் மோசம். நம் நாட்டு முறையில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து, முதல் நாள் ஆக்சிஜனிலிருந்து மூன்றாம் நாளுடையதைக் கழிக்கிறோம். முதல் நாள் உண்மையில் 7.5, மூன்றாம் நாள் 5.6 என்று வைத்துக்கொள். வித்தியாசம் 1.9. ‘ஏ’ பிரிவுக்கு எல்லை 2, உள்ளேதான் இருக்கிறது. முதல் நாள் 760-ல் திருத்தி, மூன்றாம் நாள் வேறொருவர் 733-ல் திருத்தினால்? 7.8-லிருந்து 5.6 போக 2.2. ஆறு குற்றவாளி ஆகிவிட்டது. இரண்டு நாளும் ஒரே தப்பைச் செய்திருந்தால்கூட 2.0-ல் நின்றிருக்கும். அதனால் நோட்டில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நேரம், இடம், வெப்பநிலை, கொடுத்த அழுத்தம், திருத்தும் முன் காட்டிய எண், திருத்திய பின் காட்டிய எண் எல்லாவற்றையும் எழுது. திருத்தும் முன் காட்டிய எண்ணை எழுதாமல் விடுகிற பழக்கம் எல்லா லேபிலும் இருக்கிறது. சவ்வு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற ஒரே சாட்சி அது.

களத்தில் சந்தேகம் வந்தால் சுருளி அருவிக்கோ கும்பக்கரைக்கோ போ. பாறையில் மோதிச் சிதறி ஓடுகிற தண்ணீர் அந்த ஊர் அழுத்தத்துக்குத் தெவிட்டியே இருக்கும். அங்கே போய் 60 என்று காட்டினால் மீட்டரைச் சந்தேகி. பாசி பிடித்துப் பச்சையான கண்மாயில் பிற்பகலில் 130 காட்டினால் சந்தேகிக்காதே, பாசி வெயிலில் ஆக்சிஜனை விட்டுக்கொண்டிருக்கிறது. அதே இடத்தில் விடியுமுன் அளந்து பார், எங்கேயோ கீழே கிடக்கும்.

கடைசித் தீர்ப்புக்கு மின்சாரமே வேண்டாத முறை ஒன்று இருக்கிறது. ஹங்கேரிக்காரர் லாயோஷ் விங்க்ளர் 1888-ல் வெளியிட்டது. 300 மில்லி கண்ணாடிப் புட்டியில் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்ஃபேட் ஒரு மில்லி, காரம் கலந்த அயோடைடு ஒரு மில்லி, இரண்டையும் பிப்பெட்டின் நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி விடு. மூடித் தலைகீழாகக் குலுக்கினால் மேகம் மாதிரிப் பழுப்பாக ஒன்று திரண்டு இறங்கும். வெள்ளையாகவே இருந்தால் ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். பாதிப் புட்டி தெளிந்ததும் கந்தக அமிலம் விட்டால் பழுப்பு கரைந்து அயோடினின் பொன்மஞ்சள் வரும். 200 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோசல்ஃபேட்டை விட்டுக்கொண்டே வா. மஞ்சள் வைக்கோல் நிறத்துக்கு வெளிறும்போது ஸ்டார்ச் விடு, நீலமாகும். நீலம் மறைகிற சொட்டில் நிறுத்து. எத்தனை மில்லி தயோசல்ஃபேட் போயிற்றோ அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் ஒரு லிட்டரில். அழுத்தம், உயரம், சவ்வு எதுவும் இந்தக் கணக்கில் வராது. மணலாற்றில் அன்று இரண்டு புட்டி பிடித்து, அமிலம் விடும் வரைக்குமான வேலையை அங்கேயே முடித்திருந்தால், எந்தப் படம் சரி என்று நீ என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது புட்டிகளை எடுத்துப் போ. என்னிடம் மூடி பொருந்திய புட்டிகள் இருக்கின்றன, அம்மா வரும்போது கொடுத்தனுப்புகிறேன். தயோசல்ஃபேட் மட்டும் பழசு. வைக்க வைக்கத் திறன் இறங்குகிற சரக்கு அது. புதிதாகக் கரைத்து, பொட்டாசியம் டைகுரோமேட் வைத்து நார்மாலிட்டி பார்த்த பிறகு எடுத்துக்கொள்.

அன்புடன்,
மாமா